பாடு முறையும் பணியிட மனநலமும்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில், தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலுமாகப் பரந்து கிடக்கிறது பழவேற்காடு ஏரி. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சிலிக்காவுக்கு அடுத்துப் பெரியது இதுவே. இதன் கரையோர மீனவர் ஊர்கள் சிலவற்றில் ‘பாடு’ என்னும் முறை தலைமுறைகளாக வழங்கி வருகிறது. பாடு என்பது இறால் மிகுதியாகக் கிடைக்கும் நீர்ப்பகுதி. எல்லாரும் ஒரே நாளில் அங்கு வலை கட்டினால் எவருக்கும் போதிய இறால் கிடைக்காது, சண்டைதான் மிஞ்சும். ஆகவே, எவர் எந்நாளில் எவ்விடத்தில் வலை கட்டுவது என்பதை ஊரார் கூடிச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வர். முறை சுழன்று வரும். எவ்வளவு இறால் கிடைக்கும் என்பது நீரோட்டத்தின் கையில். தம் முறை எப்போது என்பதோ அனைவரும் அறிந்தது.

இவ்வாறு அறிந்திருப்பது மனத்துக்குச் சிறிய ஆறுதலன்று. வேலைச்சுமை மட்டுமே மனத்தை நலிவிப்பதில்லை. சுமை மிகுந்து, வேலையைத் தாமே நடத்தும் உரிமை குறையுமிடத்தில்தான் உளஅழுத்தம் பெருகுகிறது என்று ராபர்ட் கராசெக் என்னும் ஆய்வாளர் 1979இல் எடுத்துக்காட்டினார். மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1200 கோடி வேலைநாட்கள் இழக்கப்படுவதாக உலக நலவாழ்வு அமைப்பு மதிப்பிடுகிறது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின், ஆக்கவல்ல செயற்கை நுண்ணறிவு அலுவலகங்களில் விரைந்து பரவியது. கேட்டவுடன் கடிதம், அறிக்கை, படம், கணினி நிரல் ஆகியவற்றை ஆக்கித் தரும் தொழில்நுட்பம் இது. வேலைகளை அடியோடு ஒழிப்பதைவிட அவற்றின் தன்மையை இது மாற்றுவதே மிகுதியாக இருக்கும் என்றும், எழுத்தர் பணிகளே பெரிதும் தாக்கத்துக்கு உள்ளாகும் என்றும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2023இல் கணித்தது.

தன்மை மாறுவது எவ்வாறு? நேற்றுவரை எழுதியவர், இன்று கருவி எழுதியதைத் திருத்துபவர் ஆகிறார். சலிப்பூட்டும் வேலை குறைவது நன்றே. ஆயின், அரைநாள் வேலை சில நொடிகளில் முடிந்தால், எஞ்சிய பொழுது அவருக்கு உரியதா, மேலும் இருபது கடிதங்களுக்கு உரியதா? கருவி பொய்யையும் தயக்கமின்றி எழுதும். அதற்குப் பொறுப்பேற்க வேண்டியவரோ ஊழியர். பல ஆண்டுகள் பழகித் தேர்ந்த திறன் நாளை வேண்டப்படுமா என்னும் ஐயம் வேறு. இவற்றுக்கு விடை கூறும் இடத்தில் ஊழியர் இல்லாதபோது, கருவியைவிட அந்நிலையே அவரை மிகுதியாக வாட்டுகிறது.

2023இல் ஹாலிவுட் எழுத்தாளர்கள் 148 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஊதியம் உள்ளிட்ட கோரிக்கைகளோடு இதுவும் அதில் இடம்பெற்றது. கருவியைப் பயன்படுத்துமாறு எழுத்தாளரை வற்புறுத்தக் கூடாது. கருவி ஆக்கிய பகுதியைக் கொடுத்தால் அதனைத் தெரிவிக்க வேண்டும் என்னும் விதிகள் உடன்பாட்டில் ஏறின. அவையும் ஒருவகைப் பாடே.

பாடு முறையிலும் குறை உண்டு. அவ்வுரிமை குறிப்பிட்ட ஊர்களின் ஆண்களுக்கே உரியது. இடுப்பளவு நீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களுக்குச் சீட்டில் இடமில்லை. அலுவலகங்களிலும் உடன்பாடு எழுதப்படும்போது, ஒப்பந்த ஊழியர் பெரும்பாலும் அறைக்கு வெளியேதான் நிற்கின்றனர்.