மோவாய்க்குத் தையல் போட்டாச்சு, தாடையைப் பார்த்தாச்சா?

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். செம்மநத்தம் போன்ற சேர்வராயன் மலைக் கிராமத்துக்காரர்களுக்குப் பல நேரம் பைக்தான் கதி. மழையில் சறுக்கி விழலாம். சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்து மிளகு பறிக்கும்போதும் விழலாம். மோவாய் கிழிந்தால் தையல், ஒரு டி.டி. ஊசி, வீடு. தாடையை யாரும் பார்ப்பதில்லை.

அடி ஓரிடம், முறிவு வேறிடம்

மோவாயில் பட்ட அடி தாடை எலும்பு வழியே மேலேறி, காதுக்கு முன்னால் இருக்கும் மூட்டருகே எலும்பை முறித்துவிடும். வெளியே லேசான வீக்கம் மட்டும் தெரியும். கண்ணாடி முன் நின்று பல்லைக் கடித்துப் பாருங்கள். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் முன்போல் பொருந்தவில்லையா? வாய் திறக்கையில் தாடை ஒரு பக்கம் இழுக்கிறதா? கீழுதடு மரத்திருக்கிறதா? நாக்குக்கு அடியில் ரத்தம் கட்டியிருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். குழந்தை விழுந்தால் இன்னும் கவனம் தேவை. கவனிக்காமல் விட்ட முறிவால் மூட்டு இறுகி, நாளடைவில் வாய்க்குள் ஒரு விரல்கூட நுழையாமல் போகலாம். தாடை வளராமல் முகமும் கோணலாம்.

பெயர்ந்து விழுந்தது நிலைப்பல் என்றால் வேரைத் தொடாமல், தேய்க்காமல், பாலில் போட்டு உடனே எடுத்துப்போங்கள். அரை மணி நேரத்துக்குள் பொருத்தினால் பிழைக்க வாய்ப்பு அதிகம். பால்பல்லைத் திரும்பப் பொருத்துவதில்லை.

எலும்பு முறிவுக்குப் பல் டாக்டரா?

ஆமாம். தாடையைச் சேர்ப்பதற்குப் பற்கள்தான் அளவு. முதலில் பற்களைச் சரியான கடியில் கம்பியால் கட்டுவார்கள். பிறகு டைட்டானியம் தகடு வைத்துத் திருகுவார்கள். பெரும்பாலும் வாய்க்குள்ளேயே கீறுவதால் முகத்தில் தழும்பு விழாது. சிலருக்குக் கம்பி மட்டுமே போதும். சில வாரம் கஞ்சிதான் சாப்பாடு. இதைச் செய்பவர் பயிற்சியோடு 5 ஆண்டு பி.டி.எஸ்., பிறகு 3 ஆண்டு எம்.டி.எஸ். படித்த வாய், முகத்தாடை அறுவை சிகிச்சை நிபுணர். உதட்டுப்பிளவு, புதைந்த கடைவாய்ப்பல், வாய்ப்புற்று எல்லாம் இவர் பார்ப்பவைதான்.

சாலை விபத்து என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். 2021 டிசம்பரில் வந்த ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், அதில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணமில்லை.

மலைப் பிள்ளைகள் படிக்கலாமே

பி.டி.எஸ். சேர நீட் எழுத வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. மலையாளி பழங்குடிப் பிள்ளைகளுக்கு எஸ்.டி. ஒதுக்கீடும் உண்டு. எஸ்.டி. சான்றிதழைத் தருபவர் கோட்டாட்சியர். விசாரணைக்கு நாள் பிடிக்கும். பிளஸ் ஒன்னிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.