பெட்டியும் குட்டியும்

வீட்டிற்குப் புதிதாக ஒரு நாய்க்குட்டி வந்து சேரும் நாள் குழந்தைகளுக்குத் திருநாள். ஆனால் அத்திருநாள் பொழுது சாயும் வரையில்தான் நீடிக்கும். விளக்கை அணைத்து எல்லோரும் படுத்தவுடன் குட்டி அழத் தொடங்கிவிடும். தனி வீடாயின் அவ்வழுகை ஒரு குடும்பத்தின் உறக்கத்தையே கெடுக்கும். லிந்துலைத் தோட்டங்களின் லயங்களிலோ நிலைமை வேறு. ஒரே சுவருக்கு இப்பால் ஒரு குடும்பம், அப்பால் மற்றொரு குடும்பம். விடியற்காலையில் எழுந்து கொழுந்து மலைக்குச் செல்ல வேண்டிய தாய்மார் இரு பக்கத்திலும் கண்ணயர முடியாமல் புரளுவர். இரண்டாம் நாள் அயலார் முகஞ் சுளிப்பர். நாலைந்து நாள் சென்றதும் குட்டி சாக்கில் இடப்பட்டுக் கடைவீதியில் கொண்டுபோய் விடப்படும். அல்லது கழுத்திற் கயிற்றுடன் லயத்தின் பின்புறத்திற் கட்டப்படும்.

இவ்விரண்டினாலும் கேடே விளைகின்றது. தெருவில் விடப்பட்ட குட்டி பசிக்கும் நோய்க்கும் இரையாகும். பிழைத்தாலும் தடுப்பூசி பெறாது வளர்ந்து, நீர்வெறுப்பு நோயைப் பரப்பக்கூடிய கட்டாக்காலி நாயாகும். ஓயாமற் கட்டப்பட்ட குட்டியோ மனிதரைக் கண்டால் அஞ்சிச் சீறும் இயல்பினதாக வளரக்கூடும். இரவில் வெளியே கட்டிய நாய்க்கு வேறோர் ஆபத்தும் உண்டு. மலையகத் தோட்டங்களை அடுத்த காடுகளிலே சிறுத்தைகள் உலவுகின்றன. அவை நாய்களைக் கவ்விச் செல்வது நம்மவர் அறிந்ததே. ஆகவே, குட்டியை வீட்டினுள்ளே அமைதியாக உறங்கப் பழக்குவது பொழுதுபோக்கான காரியம் அன்று. அதன் உயிரையும் அயலாரின் நல்லுறவையும் காக்கும் காரியமாகும்.

குட்டி அழுவது ஏன்?

அழும் குட்டியைப் பலர் பிடிவாதக் குட்டி என்பர். அது பிடிவாதம் அன்று, பிரிவுத் துயரம். தாயின் சூட்டிலும் உடன்பிறந்த குட்டிகளின் நெருக்கத்திலும் கிடந்த உயிர் திடீரென்று தனிமையிலும் இருளிலும் நம் மலைக்குளிரிலும் விடப்படுகின்றது. அமெரிக்க விஞ்ஞானியாகிய ஜோன் போல் ஸ்கொட் என்பார் நாய்க்குட்டிகளின் மனப்பாங்கைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர். பழகிய இடத்தில் தனித்திருக்கும் குட்டியைவிடப் பழகாத இடத்தில் தனித்திருக்கும் குட்டி மிகுதியாக அழுகின்றது என்பதை அவருடைய ஆய்வுகள் காட்டின. அவ்வழுகையைத் தணிப்பது எது என்பதையும் அவரும் அவர் துணைவரும் சோதித்து 1977ஆம் ஆண்டில் வெளியிட்டனர். உணவு வைத்தமையால் அழுகை ஓயவில்லை. மென்மையான துணி ஓரளவு உதவிற்று. எல்லாவற்றிலும் மேலாக உதவியது மனிதர் அருகிலிருந்தமையே.

இவ்வுண்மையை மனத்திற்கொண்டால் செய்யவேண்டியது எளிதில் விளங்கும். முதலில் இடம் பழக வேண்டும். அது பழகும் வரையில் நாம் அருகிலிருக்க வேண்டும்.

பெட்டி எத்தகையது?

மேலைநாடுகளில் கதவுள்ள கூடு ஒன்றில் குட்டியைப் பழக்கும் முறை பரவியிருக்கின்றது. அதற்கென விலையுயர்ந்த கம்பிக் கூடு வாங்க வேண்டுவதில்லை. ஒரு காலத்தில் நம் தேயிலை கப்பலேறிய பலகைப் பெட்டி எங்கேனும் கிடைக்குமாயின் அதுவே போதும். இல்லையேல் பழக்கடையின் மரப்பெட்டியும் உதவும். ஆணிகளையும் தகட்டு விளிம்புகளையும் அகற்றி, ஒரு பக்கத்தில் காற்றோட்டமுள்ள கம்பிவலைக் கதவு அமைத்தல் வேண்டும். குட்டி எழுந்து நிற்கவும், திரும்பவும், கால் நீட்டிப் படுக்கவும் போதிய இடமிருந்தால் சரி. மிகப் பெரிதாயின் ஒரு மூலையில் அசுத்தம் செய்துவிட்டு மறு மூலையில் உறங்கும். நாய் தான் படுக்கும் இடத்தை இயன்றவரை அசுத்தம் செய்யாத பிராணி. அடியில் கோணிச்சாக்கும், அதன்மேல் பழங் கம்பளித் துண்டும் இடுக. தாயிடம் கிடந்த துணி ஒன்று கிடைத்தால் மிக நன்று. அதன் வாசனை குட்டிக்கு ஆறுதல் தரும்.

பழக்கும் விதம்

முதலிரு பகல்களிலும் கதவைத் திறந்தபடி கட்டிவிடுக. குட்டியைப் பிடித்து உள்ளே தள்ளுதல் கூடாது. சோற்றுக் கிண்ணத்தை முதலிற் பெட்டியின் வாயிலிலும், பிறகு சிறிது உள்ளேயும், பின்னர்க் கடைசி மூலையிலும் வைத்தால் அது தானே நுழையும். ருஷிய அறிஞர் பாவ்லோவின் நாய்கள், உணவுக்கு முன் ஓர் ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்டபின், அவ்வொலியைக் கேட்ட மாத்திரத்திலேயே வாயூறின என்பதை மாணவர்கள் படித்திருப்பர். பெட்டியைக் கண்டவுடன் குட்டிக்கு நன்மையே நினைவுக்கு வருமாறு செய்வதும் அதே தத்துவத்தின்பாற் பட்டதாகும்.

மூன்றாம் நாளளவில், குட்டி உண்ணும்போது கதவை மெல்லச் சாத்தி, உண்டு முடிக்குமுன்னரே திறந்துவிடுக. பிறகு பத்து விநாடி, ஒரு நிமிடம், ஐந்து நிமிடம் என்று நேரத்தைச் சிறிது சிறிதாக நீட்டுக. முதலில் பெட்டியருகே அமர்ந்திருங்கள். பின்பு எழுந்து நில்லுங்கள். அதன் பின்னர் அறையை விட்டுச் சென்று உடனே திரும்புங்கள். அமைதியாகக் கிடக்கும் வேளையில் மென்குரலில் ஒரு சொற் பாராட்டுங்கள். குட்டி ஓடியாடிக் களைத்து, வெளியே சிறுநீர் கழித்து வந்த பின்னரே இப்பயிற்சியைத் தொடங்குவது நன்று.

இரவிலே பெட்டியை நீங்கள் படுக்கும் பாய்க்கு அருகில் வைத்துக்கொள்ளுங்கள். கதவின்மேல் கையை வைத்திருந்தால் உங்கள் மணமே அதற்குத் தாலாட்டாகும். ஓரிரு வாரங்களில் பெட்டியைச் சிறிது சிறிதாக அப்பால் நகர்த்தலாம்.

அழுதால் என்ன செய்வது? சிணுங்கி ஓயும் அழுகையாயின் சற்றுப் பொறுத்திருங்கள். உறங்கிய குட்டி நடுநிசியில் எழுந்து முனகினால் வெளியே எடுத்துச் சென்று, விளையாட்டுக் காட்டாமல், காரியம் முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து படுக்கவிடுங்கள். ஆனால் கதவைப் பிறாண்டி, வாய்நீர் ஒழுக, மூச்சிரைத்துக் கதறுமாயின் அது அச்சத்தின் அடையாளம். “கத்தட்டும், தானே ஓயும்” என்று விட்டுவிடுதல் தவறு. அவ்வாறு ஓய்ந்த குட்டி அமைதி பெற்றதாகாது. அழுதும் பயனில்லை என்று சோர்ந்திருக்கவுங் கூடும். திறந்துவிட்டு, மறுநாள் முந்திய படியிலிருந்து தொடங்குக.

குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டிய விதிகள் இரண்டு. தண்டனையாகக் குட்டியைப் பெட்டியில் அடைக்கலாகாது. அது உள்ளே படுத்திருக்கும்போது கையையோ குச்சியையோ விட்டுச் சீண்டலாகாது.

எவ்வளவு நேரம்?

இங்கேதான் நம் தோட்டக் குடும்பங்கள் கவனமாயிருத்தல் வேண்டும். குட்டியின் வயதை மாதத்தில் எண்ணி, அதனுடன் ஒன்றைக் கூட்டினால் வரும் மணிநேரமே அது சிறுநீரை அடக்கக்கூடிய மிகுதியான நேரம் என்பது பொதுவான கணக்கு. இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம் என்றாகும். பெற்றோர் மலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் சென்றபின் பகல் முழுதும் அதனைப் பூட்டி வைத்தல் கொடுமை. அவ்வேளையில் இஸ்தோப்பின் ஒரு மூலையைப் பலகையால் அடைத்து, திறந்த பெட்டியையும் தண்ணீரையும் அங்கே வைத்து, வீட்டிலிருக்கும் பாட்டியையோ அயலாரையோ இடையிடையே பார்க்கச் சொல்லலாம். எவரும் இல்லாத வீடாயின், குட்டி வளர்க்கும் எண்ணத்தைச் சில காலம் ஒத்திப்போடுவதே அறிவுடைமை.

பெட்டியில் அமைதியாயிருக்கும் பழக்கம் பிற்காலத்திலும் பயன்படும். தடுப்பூசிக்குக் கொண்டு செல்லவும், காயமுற்றபோது ஓய்வாக வைத்திருக்கவும், மழைக்காலத்தில் மண்சரிவுக்கு அஞ்சி லயத்தை விட்டு வெளியேற நேர்ந்தால் உடன் எடுத்துச் செல்லவும் அது உதவும்.

கதவின் பொருள்

உலகம் அறிந்த பெட்டி நாய் ஒன்று உண்டு. மாஸ்கோ நகரத் தெருக்களிலிருந்து எடுக்கப்பட்ட லைக்காவே அது. வரவரச் சிறிதாகும் கூடுகளில், சிலவேளை இருபது நாள்கள் வரையில், வைத்து அத்தகைய நாய்களைச் சோவியத் விஞ்ஞானிகள் பழக்கினர். 1957ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் லைக்கா ஸ்புட்னிக் இரண்டில் விண்ணுக்கு அனுப்பப்பட்டது. திரும்புவதற்கு வழி எதுவும் அமைக்கப்படவில்லை. சில மணி நேரத்துக்குள் வெப்பம் தாங்காமல் அது இறந்தது என்ற செய்தி 2002ஆம் ஆண்டிலேதான் வெளியாயிற்று. 1960ஆம் ஆண்டு ஆகஸ்டில் சென்ற பெல்கா, ஸ்திரெல்கா என்னும் நாய்கள் மறுநாள் உயிருடன் மீண்டன. பொறுமையாகப் பழக்கினால் நாய் எத்துணை இறுகிய பெட்டியையும் ஏற்றுக்கொள்ளும் என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது. அந்த ஏற்பு, பழக்கியவர்மேல் எவ்வளவு பெரிய கடமையைச் சுமத்துகின்றது என்பதையும் காட்டுகின்றது.

குட்டி உண்மையிற் கற்றுக்கொள்வது அடைபட்டிருப்பதை அன்று. சாத்திய கதவு தவறாமல் திறக்கப்படும், திறப்பவர் நம்மவர் என்பதையே அது கற்கின்றது. தன்னை நம்பித் தொடர்ந்த நாயை விட்டுவிட்டுச் சுவர்க்கம் புக மறுத்தவர் தருமபுத்திரர் என்பது பாரதக் கதை. நாம் அவ்வளவு உயர்ந்து நிற்க வேண்டியதில்லை. இன்றிரவு பாய்க்கருகில் ஒரு பெட்டியை வைத்து, சில நாள் பொறுமை காட்டினாற் போதும். குட்டியும் உறங்கும், சுவருக்கு அப்பாலுள்ள குடும்பமும் உறங்கும்.