சமநிலை காக்கும் சிறு சாட்சி

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையில் செஞ்சியைக் கடப்போரின் கண்கள் தாமாகவே மலைக்கோட்டையின் பக்கம் திரும்பும். மராட்டியர், முகலாயர், ஆற்காட்டு நவாபுகள், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனப் பலரது கைகளுக்கு மாறிய அக்கோட்டை, மராட்டியரின் கோட்டைகள் பன்னிரண்டனுள் ஒன்றாக 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. செஞ்சியிலிருந்து வடக்கே சுமார் 20 கிலோமீட்டர் சென்றால் மேல்மலையனூர். அமாவாசைதோறும் அவ்வூர்க் கோயிலுக்குப் பல ஊர்களிலிருந்தும் சிறப்புப் பேருந்துகள் வருகின்றன. ஆகவே, உழவர்களின் டிராக்டர் முதல் வெளியூர்ச் சுற்றுலாப் பயணிகளின் சொகுசுக் கார் வரை எல்லா வகை வாகனங்களையும் இச்சாலைகளில் காணலாம்.

அவற்றுள் சில கார்களுக்கு எஃகுச் சுருள்வில் கிடையாது. அவை காற்றின்மீது அமர்ந்து ஓடுகின்றன. அத்தகைய கார் ஒன்று ஒரு பக்கம் சாய்ந்து நின்றுவிட்டால் உரிமையாளர் கலங்கிப் போகிறார். பல்லாயிரம் ரூபாய் செலவாகும் என்று யாரேனும் சொன்னால் மறுப்பேதுமின்றித் தலையாட்டுகிறார். குற்றமோ சில நேரங்களில் உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு கருவியினுடையதாக இருக்கும். அக்கருவியைப் பற்றி நம் குடும்பத்தினர் அறிந்திருப்பது நல்லது. வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்த பணத்தில் பழைய சொகுசுக் கார் வாங்கும் சகோதரர்களுக்கும், வாகனப் பட்டறையில் தொழில் பழகும் இளைஞர்களுக்கும் இது இன்னும் தேவையான செய்தி.

காற்று எவ்வாறு தாங்குகிறது?

காற்றுத் தாங்கல் புதிய கண்டுபிடிப்பன்று. அமெரிக்காவின் கடிலாக் நிறுவனம் 1957ஆம் ஆண்டிலேயே தன் உயர்வகைக் காரில் அதனைப் பொருத்தியது. காற்றுக் கசிவும் பழுதும் மிகுந்ததால் அமெரிக்கக் கார்களில் அம்முறை விரைவில் கைவிடப்பட்டது. ஜெர்மனியின் மெர்சிடிஸ் நிறுவனம் 1961இல் அதனைக் கையாண்டது. பின்னர் 1998இல் வெளிவந்த அதன் எஸ் வகைக் காரில், கணினியால் இயங்கும் காற்றுத் தாங்கல் இடம்பெற்றது. நம் மாநிலத்திலும், சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அருகில் 2007இல் தொடங்கப்பெற்ற பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலையில் இவ்வகைத் தாங்கலுடைய கார்கள் பூட்டப்படுகின்றன.

இதன் அமைப்பு எளியது. ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் தடித்த ரப்பரால் ஆன காற்றுப் பை இருக்கும். கம்ப்ரஸர் காற்றை அழுத்தி அனுப்பும். வால்வுகள் அக்காற்றை வேண்டிய பைக்குத் திருப்பிவிடும். வண்டியில் ஆள் ஏறினால் உடல் தாழும். உடனே பைக்குக் காற்று ஏற்றி, வண்டி பழைய உயரத்துக்குக் கொண்டுவரப்படும். ஆள் இறங்கினால் மிகுதியான காற்று வெளியேற்றப்படும்.

வண்டி எவ்வளவு தாழ்ந்தது, எவ்வளவு உயர்ந்தது என்பதைக் கணினிக்கு யார் சொல்வது? அதுதான் உயர உணரியின் வேலை. பட்டறையில் இதனை 'ஹைட் சென்சார்' என்பர். இது வண்டியின் அடிச்சட்டத்தில் பொருத்தப்பட்டிருக்கும். இதன் சிறு கை ஒன்று, மெல்லிய இணைப்புத் தண்டின் வழியாகச் சக்கரத்தைத் தாங்கும் ஆர்முடன் சேர்ந்திருக்கும். சக்கரம் ஏறி இறங்க, இந்தக் கையும் அசையும்; அசைவு மின்சாரக் குறியாக மாறிக் கணினிக்குச் செல்லும். சில கார்களில் இத்தகைய உணரிகள் நான்கு, சிலவற்றில் மூன்று.

நெடுந்தூரச் சொகுசுப் பேருந்துகளிலும் காற்றுப் பைகள் உண்டு. அவற்றுள் பலவற்றில் மின் உணரிக்குப் பதிலாக, கையும் தண்டும் கொண்ட உயர வால்வு தானே காற்றை ஏற்றி இறக்கும். 2024 ஆகஸ்டில் சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் இயக்கத் தொடங்கிய தாழ்தளப் பேருந்துகள், நிறுத்தத்தில் ஒரு பக்கம் சற்றே தாழ்ந்து முதியோரையும் உடல் ஊனமுற்றோரையும் ஏற்றிக்கொள்கின்றன. சுமை ஏறும்வரை மண்டியிட்டுக் காத்திருக்கும் ஒட்டகத்தின் பணிவை அது நினைவூட்டுகிறது. அதனைச் செய்வதும் இதே காற்றுத்தான்.

பொய்ச் சாட்சியின் விளைவு

வழக்கில் சாட்சி பொய் சொன்னால், நீதிபதி நேர்மையானவராயினும் தீர்ப்புப் பிழைபடும். உயர உணரி பழுதானாலும் அவ்வாறே. கம்ப்ரஸர் நன்றாயிருக்கும், காற்றுப் பையில் ஓட்டை இராது, கணினியும் ஒழுங்காயிருக்கும். ஆயினும் தாழாத வண்டியைத் தாழ்ந்துவிட்டதாக உணரி சொல்ல, கணினி அதனை நம்பிக் காற்றை ஏற்றிக்கொண்டே இருக்கும். ஒரு மூலை உயர்ந்து நிற்கும். கம்ப்ரஸர் ஓய்வின்றி ஓடிச் சூடேறிக் கெடும். சிறு உணரியின் பழுதைக் கவனியாமல் விட்டால், அதைவிடப் பன்மடங்கு விலையுள்ள கம்ப்ரஸரையும் இழக்க நேரும்.

முன்விளக்கின் சாய்வைத் தானே சரிசெய்யும் கார்கள் பலவற்றில், அதற்கும் இவ்வுணரியின் குறியே ஆதாரம். உணரி பிழைத்தால் விளக்கொளி எதிரே வருவோரின் கண்ணில் பாயும். இரவில் குறுகிய கிராமச் சாலையில் இரு சக்கர வாகனத்தில் வருபவருக்கு அது உயிர் ஆபத்து.

உணரி பழுதாவதற்குக் காரணங்கள் பெரியனவல்ல. சக்கரத்தின் அருகில் இருப்பதால் சேறும் நீரும் அதன்மேல் தெறிக்கும். மழைக்காலத்தில் மின் இணைப்பில் ஈரம் புகுந்து பச்சை பூக்கும். கல்லடி பட்டு இணைப்புத் தண்டு வளையும் அல்லது அதன் முனைக் குமிழ் கழன்றுவிடும். வயர் உராய்ந்து அறுபடுவதும் உண்டு.

பழுதை அறியும் முறை

வண்டி தாழ்ந்து நின்றால் அது காற்றுக் கசிவா, உணரியின் பிழையா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். எஞ்சினை அணைத்து இரவு முழுவதும் விட்டபின் காலையில் மீண்டும் அளந்து பாருங்கள். ஒரு மூலை வெகுவாக இறங்கியிருந்தால், பெரும்பாலும் கசிவே காரணம். சோப்பு நீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். இரவெல்லாம் சரியாக நின்ற வண்டி, எஞ்சினை இயக்கியதும் தானாகவே கோணலானால் உணரியைச் சந்தேகிக்கலாம்.

அடுத்து, ஸ்கேனர் காட்டும் உயரத்தையும் நாடாவால் அளந்த உயரத்தையும் ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிடில் உணரியின் சாட்சி பொய்த்துவிட்டது எனலாம். ஆயினும் உடனே புதியது வாங்க வேண்டியதில்லை. முனைக் குமிழ் கழன்றிருந்தாலோ, மின் இணைப்பில் அழுக்குச் சேர்ந்திருந்தாலோ, அதனைச் செம்மைப்படுத்தினாலே போதும்.

மாற்றும்போது கவனிக்க

உணரியை மாற்றுவது கடினமான வேலையன்று. ஆனால் ஆபத்து இல்லாத வேலையுமன்று. காற்றுத் தாங்கலுள்ள வண்டி, எதிர்பாராத நேரத்தில் காற்றை வெளியேற்றித் திடீரெனத் தாழக்கூடும். அடியில் படுத்திருப்பவருக்குத் தப்ப நேரமிராது. ஆகவே வண்டியைத் தூக்குமுன், தயாரிப்பாளரின் கையேட்டில் சொன்னபடி காற்றுத் தாங்கலின் இயக்கத்தை நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பாமல், உறுதியான இடங்களில் இரும்பு ஸ்டாண்டுகளை வைத்தபின்னரே கீழே செல்ல வேண்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டுமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தியை நாம் அடிக்கடி கேட்கிறோம். பட்டறையில் அந்தக் கயிறு, இந்த ஸ்டாண்டுதான்.

பின்னர் சக்கரத்தைக் கழற்றி, மின் இணைப்பை விடுவித்து, இணைப்புத் தண்டின் நட்டையும் உணரியின் போல்ட்டுகளையும் நீக்க வேண்டும். பழைய உணரியின் கை எத்திசை நோக்கி இருந்ததோ, புதியதன் கையும் அத்திசையிலேயே இருக்க வேண்டும். போல்ட்டுகளை அளவுக்கு மீறி முறுக்கினால் உணரியின் உடல் வெடிக்கும். பையில் காற்று இல்லாத நிலையில் வண்டியின் பாரத்தை அதன்மேல் இறக்கினால், ரப்பர் மடிந்து கிழியும்.

இத்துடன் வேலை முடிவதில்லை. பல கார்களில் புதிய உணரிக்குச் சரியான உயரம் எது என்பதைக் கணினிக்குக் கற்பிக்க வேண்டும். நான்கு பக்கமும் அளந்த உயரங்களை ஸ்கேனர் வழியாகப் பதிய வேண்டும். இதனைத் தவிர்த்தால் புதிய உணரியும் பழையதைப் போலவே தவறாகச் சொல்லும். இறுதியாகப் பின் இருக்கையில் இருவரை அமரச் செய்து, வண்டி பழைய உயரத்துக்குத் திரும்புகிறதா என்று பார்த்து, முன்விளக்கின் ஒளியையும் சோதித்த பின்னரே வண்டியை ஒப்படைக்க வேண்டும்.

தொழிலில் அமானிதம்

உரிமையாளருக்கு வண்டியின் அடிப்பாகம் தெரியாது. அவர் பட்டறைக்காரரின் சொல்லையே நம்புகிறார். உணரி மட்டும் கெட்டிருக்க, கம்ப்ரஸரும் காற்றுப் பையும் கெட்டதாகச் சொல்லிப் பணம் பெறுவது அந்த நம்பிக்கைக்குச் செய்யும் துரோகம். அளவில் மோசடி செய்வோரைக் கண்டிப்பதற்கென்றே திருமறையில் 83ஆம் அத்தியாயம் அமைந்துள்ளது. எடைக்கல்லுக்கு உரிய எச்சரிக்கை ஸ்கேனருக்கும் உரியதே.

வண்டியை விற்போருக்கும் கடமையுண்டு. சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்ட நபி (ஸல்) அவர்கள், உள்ளே ஈரத்தைக் கண்டு, அதனை மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகரைக் கடிந்துகொண்ட நிகழ்ச்சி முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் உள்ளது. எச்சரிக்கை விளக்கை மறைத்துவிட்டுச் சாய்கின்ற காரை விற்பது, நனைந்த தானியத்தை அடியில் மறைப்பதற்கு ஒப்பாகும். குறையைச் சொல்லி விற்றால் விலை சற்றுக் குறையலாம். வருமானம் ஹலாலாயிருக்கும், பரக்கத் நிலைக்கும்.

வாங்குவோரும் விழிப்புடன் இருப்பது நலம். விலை பேசுமுன் வண்டியை இரவு முழுவதும் நிறுத்தி நான்கு பக்கமும் அளந்து பாருங்கள். பட்டறையில் பழுது பார்த்தால், கழற்றிய பழைய பொருளைத் திரும்பக் கேளுங்கள். ஸ்கேனர் காட்டிய எண்களையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நேர்மையான தொழிலாளர் அதற்கு வருந்தமாட்டார். தம் உழைப்பின் சுத்தத்தை எடுத்துக்காட்டக் கிடைத்த வாய்ப்பாகவே அதனைக் கருதுவார்.