சட்டத்தில் இருக்கும் பயிற்சி கட்டுமானத் தளத்துக்கு வருமா?

புது தில்லி: எந்தக் கட்டடத்திலும் சுவர் எழும்புவதற்கு முன்பே மின்சாரம் வந்துவிடுகிறது. கலவை இயந்திரம், வெல்டிங் கருவி, தண்ணீர் மோட்டார், இரவு விளக்குகள் என அனைத்துக்கும் தற்காலிக இணைப்பு வேண்டும். அந்த இணைப்பைக் கொடுக்கும் எலெக்ட்ரீஷியனும், அவருக்குக் கம்பி இழுத்துக் கொடுக்கும் உதவியாளரும்தான் ஆபத்தை முதலில் தொடுகிறவர்கள். தலைநகரையும் அதை ஒட்டிய குருகிராம், நொய்டா பகுதிகளையும் கட்டி எழுப்பும் இந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலோர், தொழிலை ஒரு மூத்த தொழிலாளியின் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றவர்கள். எதைத் தொடக்கூடாது என்பதையும் பலர் அப்படித்தான், சில வேளைகளில் பக்கத்தில் இருப்பவரின் விபத்தைப் பார்த்துத்தான் கற்கிறார்கள்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் விபத்து மரண அறிக்கைகளின்படி, 2018 முதல் 2021 வரை ஒவ்வோர் ஆண்டும் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மின்சாரம் பாய்ந்து இறந்துள்ளனர். வீடு, வயல், தெரு, பணியிடம் அனைத்தும் சேர்ந்த கணக்கு இது. கட்டுமானத் தளத்தில் இறந்த எலெக்ட்ரீஷியன்கள் எத்தனை பேர் என்பது அந்த ஒற்றைத் தலைப்புக்குள் கரைந்துவிடுகிறது.

பழைய சட்டமும் புதிய சட்டமும்

கட்டுமானத் தொழிலாளர்களுக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையிலான தேசிய இயக்கக் குழு 1980-களில் குரல் எழுப்பியது. அதன் தொடர்ச்சியாகவே 1996-ம் ஆண்டு கட்டடம் மற்றும் இதர கட்டுமானத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதன் கீழ் 1998-ல் வகுக்கப்பட்ட மத்திய விதிகள், பணியாளர் எவரும் மின்னோட்டமுள்ள கருவியைத் தொட நேராதபடி தடுக்கும் பொறுப்பை வேலை அளிப்பவர் மீது சுமத்தின. எச்சரிக்கைப் பலகை வைப்பதும் அவர் கடமை ஆனது. ஆனால், பாதுகாப்பு விதிகளை மீறினால் தண்டனை அதிகபட்சம் மூன்று மாதச் சிறை அல்லது ரூ. 2 ஆயிரம் அபராதம் அல்லது இரண்டும். பல மாடிக் கட்டடம் கட்டும் நிறுவனத்துக்கு 2 ஆயிரம் ரூபாய் ஒரு பொருட்டே அல்ல.

அந்தச் சட்டம் உள்பட 13 சட்டங்களை ஒன்றிணைத்து, பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் தொகுப்புச் சட்டத்தை மத்திய அரசு கொண்டுவந்தது. 2019 ஜூலையில் அறிமுகமான முதல் மசோதா, பர்த்ருஹரி மஹதாப் தலைமையிலான தொழிலாளர் துறை நிலைக்குழுவுக்குச் சென்றது. குழு 2020 பிப்ரவரியில் அறிக்கை அளித்தது. திருத்தி எழுதப்பட்ட மசோதா 2020 செப்டம்பர் 22-ல் மக்களவையிலும், மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. வேளாண் மசோதா விவகாரத்தில் 8 உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டதைக் கண்டித்து எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்த நாள்கள் அவை. கோடிக்கணக்கான தொழிலாளர்களின் உயிர் தொடர்பான சட்டம், முழுமையான விவாதத்தைக் காணாமலேயே அவையைக் கடந்தது. 2025 நவம்பர் 21-ல் அது நடைமுறைக்கு வந்தது.

எது கூடியது, எது குறைந்தது?

புதிய சட்டத்தில் வரவேற்கத்தக்க அம்சங்கள் உண்டு. பாதுகாப்புக்குத் தேவையான தகவல், அறிவுறுத்தல், பயிற்சி, மேற்பார்வை ஆகியவற்றை அளிப்பது வேலை அளிப்பவரின் கடமை என்று கூறப்பட்டுள்ளது. கடமை தவறியதால் தொழிலாளி இறந்தால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது குறைந்தபட்சம் ரூ. 5 லட்சம் அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். அபராதத்தில் பாதிக்குக் குறையாத தொகையைக் குடும்பத்துக்கு இழப்பீடாக வழங்க நீதிமன்றம் உத்தரவிடலாம். பாதுகாப்பு அதிகாரி கட்டாயம் என்ற வரம்பு, கட்டுமானப் பணியைப் பொருத்தவரை 500 தொழிலாளர்களிலிருந்து 250 ஆகக் குறைந்துள்ளது.

மறுபக்கமும் உண்டு. பத்துக்கும் குறைவான தொழிலாளர்களைக் கொண்ட பணி முன்பு போலவே கட்டுமானப் பணி என்ற வரையறைக்கு வெளியே நிற்கிறது. சொந்த வீடு கட்டுவோருக்கான விலக்கு ரூ. 10 லட்சத்திலிருந்து ரூ. 50 லட்சமாக உயர்ந்துள்ளது. சிறு நகரங்களிலும் புறநகர்களிலும் எலெக்ட்ரீஷியன்களுக்கு வேலை கொடுப்பவை பெரும்பாலும் இத்தகைய வீடுகளே. ஆய்வாளர் என்ற பதவி "ஆய்வாளர் மற்றும் வழிகாட்டுநர்" என்று மாறியுள்ளது. ஆய்வுக்குச் செல்லும் இடத்தைக் கணினி மூலம் தேர்வு செய்யவும் சட்டம் வழி செய்கிறது. இது ஆய்வின் கூர்மையை மழுங்கடிக்கும் என்பது மத்தியத் தொழிற்சங்கங்களின் வாதம். தேவையற்ற அலைக்கழிப்பு குறையும் என்பது அரசின் வாதம்.

மின்சாரத் துறையில் இன்னொரு சட்ட ஏற்பாடும் உள்ளது. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் 2010-ல் வெளியாகி, 2023-ல் புதுப்பிக்கப்பட்டன. உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர், தகுதிச் சான்றிதழ் உள்ள மேற்பார்வையாளர், அனுமதி பெற்ற வயர்மேன் ஆகியோரே மின் அமைப்புப் பணியைச் செய்யலாம் என்பது இவற்றின் அடிப்படை. ஆக, தொழிலாளர் துறை ஒருபுறம், மின் ஆய்வுத் துறை மறுபுறம். விபத்து நடக்கும் வரை இரண்டும் ஒரே தளத்தில் சந்திப்பது அரிது.

எதைக் கற்பிக்க வேண்டும்?

எலெக்ட்ரீஷியனுக்குத் தேவையான பாதுகாப்புப் பாடம் நீளமானது அல்ல. முதல் பாடம், மின்னோட்டத்தைத் துண்டித்த பிறகும் நம்பாமல், சோதித்துப் பார்த்த பின்னரே தொடுவது. இரண்டாவது, துண்டித்த சுவிட்சைப் பூட்டி, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, பெயருடன் எச்சரிக்கை அட்டை தொங்கவிடுவது. மேல்தளத்தில் ஒருவர் கம்பியைப் பிடித்திருக்கும்போது, கீழ்த்தளத்தில் விவரம் அறியாத ஒருவர் சுவிட்சைப் போடுவதால் நேரும் மரணங்களை இந்த ஒரு பூட்டு தடுக்கும்.

மூன்றாவது, எர்த் இணைப்பும் மின்கசிவுத் தடுப்புக் கருவியும். உடலில் 10 மில்லி ஆம்பியர் அளவு மின்னோட்டம் பாய்ந்தாலே தசைகள் இறுகி, பிடித்த கம்பியை விட முடியாமல் போகலாம். அதைப் போல சில மடங்கு பாய்ந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். 30 மில்லி ஆம்பியர் கசிவைக் கண்டதும் நொடிப்பொழுதில் இணைப்பைத் துண்டிக்கும் கருவி அந்த இடைவெளியில்தான் உயிரைக் காக்கிறது. சாதாரண ஃபியூஸ் இதைச் செய்யாது. அது கம்பியைக் காப்பது. மனிதனைக் காப்பது அல்ல. பிளக் இல்லாமல் வயரின் நுனியைச் சுரண்டி சாக்கெட்டில் சொருகி, தீக்குச்சியால் இறுக்கும் வழக்கம் தளங்களில் சாதாரணம். மழைக் காலத்தில் ஈரத் தரையில் கிடக்கும் ஒட்டு வயர்களும் அப்படியே.

நான்காவது, மேலே செல்லும் மின்பாதை. 11 ஆயிரம் வோல்ட் கம்பிக்கும் கட்டடத்துக்கும் இடையே கிடைமட்டமாகக் குறைந்தது 1.2 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது விதி. கட்டடத்துக்குப் போதுமான அந்த இடைவெளி, நீண்ட இரும்புக் கம்பியைத் தூக்கித் திருப்பும் தொழிலாளிக்குப் போதாது.

கடைசிப் பாடம் முதலுதவி. மின்சாரம் பாய்ந்தவரை வெறுங்கையால் இழுக்காமல் முதலில் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். மூச்சும் துடிப்பும் நின்றிருந்தால் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை மார்பை அழுத்த வேண்டும். சில நிமிடங்களிலேயே மூளை பாதிக்கப்படத் தொடங்கிவிடும். ஆம்புலன்ஸ் வரும் வரை உயிர் சக தொழிலாளியின் கையில்தான் இருக்கிறது.

பணம் இல்லாமல் அல்ல

தொழிற்பயிற்சி நிலையங்களில் எலெக்ட்ரீஷியன் படிப்பு இரண்டு ஆண்டு. தளத்திலேயே தொழில் கற்றவர்களின் திறனைச் சோதித்துச் சான்றளிக்கும் ஏற்பாடும் 2015-ல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் உண்டு. 2022 ஜூனில் மத்திய வீட்டுவசதி அமைச்சகம் தொடங்கிய "நிபுண்" திட்டம், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுமானத் தொழிலாளர்களுக்குப் பயிற்சி அளிப்பதை இலக்காகக் கொண்டது. அவர்களில் 80 ஆயிரம் பேருக்குப் பணியிடத்திலேயே பயிற்சி என அறிவிக்கப்பட்டது. ஆனால், இவை பெரும்பாலும் கையில் உள்ள திறனை அங்கீகரிப்பவை. தளம் மாறும்போதெல்லாம் ஆபத்தும் மாறும் என்பதால், ஒரு முறை கிடைத்த சான்றிதழ் ஒவ்வொரு தளத்திலும் தர வேண்டிய பாதுகாப்புப் பயிற்சிக்கு ஈடாகாது.

நிதிப் பற்றாக்குறை என்ற காரணமும் எடுபடாது. கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம் தொழிலாளர் நலனுக்காக வசூலிக்கப்படுகிறது. இந்த வகையில் ரூ. 37,400 கோடிக்கும் மேல் வசூலாகி, சுமார் ரூ. 9,500 கோடி மட்டுமே தொழிலாளர்களுக்காகச் செலவிடப்பட்டதை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 19-ல் அளித்த தீர்ப்பில் சுட்டிக்காட்டியது. மடிக்கணினியும் சலவை இயந்திரமும் வாங்க இந்த நிதி சென்றதையும் நீதிபதிகள் மதன் லோக்குர், தீபக் குப்தா அடங்கிய அமர்வு கண்டித்தது.

உறுப்பினர்கள் கேட்க வேண்டியது

உண்மையான சிக்கல் ஒப்பந்தச் சங்கிலியில் இருக்கிறது. பெரிய நிறுவனம் மின்பணியை ஓர் ஒப்பந்ததாரரிடம் கொடுக்கிறது. அவர் அதைத் துணை ஒப்பந்ததாரரிடம் கொடுக்கிறார். அவர் பிகாரிலிருந்தோ உத்தரப் பிரதேசத்திலிருந்தோ வந்த சிலரை அழைத்து வருகிறார். பயிற்சி நாளுக்குக் கூலி யார் கொடுப்பது என்ற கேள்வி எழுந்ததும் பயிற்சியே காணாமல் போகிறது. வருகைப் பதிவேட்டில் கைநாட்டு மட்டும் மிஞ்சுகிறது.

கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. பயிற்சி எத்தனை மணி நேரம்? தொழிலாளியின் தாய்மொழியில் நடக்குமா? அந்த நேரத்துக்குக் கூலி உண்டா? துணை ஒப்பந்ததாரரின் ஆளுக்கும் முதன்மை நிறுவனமே பொறுப்பா? மின்விபத்தில் இறந்த கட்டுமானத் தொழிலாளர்களின் கணக்கைத் தனியாக வெளியிடுவார்களா? கேள்வி நேரத்தில் இவற்றுக்குத் தெளிவான பதில் பெறுவது எந்தக் கட்சி உறுப்பினருக்கும் கடினம் அல்ல. இறந்த பிறகு கிடைக்கும் ரூ. 5 லட்சம் அபராதத்தைவிட, இறக்காமல் இருக்கக் கற்றுத்தரும் அரை நாள் பயிற்சிக்கு ஆகும் செலவு மிகக் குறைவு.