கொல்லன் பட்டறை இருட்டாக இருப்பது ஏன்?

கிராமத்துப் பழைய கொல்லன் பட்டறையில் கூரை தாழ்ந்திருக்கும். உலைமீது வெயில் விழாது. இது வசதிக் குறைவு அல்ல. இரும்பின் சூட்டைக் கொல்லர் அதன் நிறத்தைப் பார்த்தே அறிகிறார். நிழலில் நன்கு சிவந்து தெரியும் இரும்பு, வெயிலில் கறுத்துத் தோன்றும். சூடு போதவில்லை என்று மேலும் காய்ச்சினால் எஃகு கெட்டுவிடும். அரிவாளின் வாய் உடையும்.

உலை, பட்டடை, தண்ணீர்த் தொட்டி மூன்றும் ஓரிரு எட்டுக்குள் இருக்கும். இரும்பு ஆறுமுன் அடிக்க வேண்டுமல்லவா? பட்டடை, மண்ணில் ஆழப் புதைத்த மரக்கட்டையில் நிற்கும். கட்டை ஆடினால் சம்மட்டி அடி வீணாகும்.

பட்டறையைப் புதுப்பிப்பவர்கள் தீப்பிடிக்காத ஓட்டுக் கூரை போடலாம். புகை போக வழி வேண்டும். உலைக்கு நேரே ஜன்னல் வேண்டாம். சாலையோர உலையில் கருவி அடிக்கக் கொடுக்கும் விவசாயிகள், வெயில் தாழ்ந்தபின் தோய்ச்சல் போடச் சொல்வது நல்லது.