கஜாவில் அமுங்கிய சிவப்பு வண்டி

முன்பு ஒருமுறை ஏர் மாடுகளைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டு ஒரு விவசாயி போன் செய்தார். "மாட்டைப் பத்தி எழுதிட்டீங்க. எங்க வீட்டு டிராக்டரையும் ஒரு நடை வந்து பாத்துட்டுப் போங்க" என்றார். மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணியாற்றை ஒட்டிய ஊர். மறுநாளே போனேன்.

கொல்லையில், புதிதாகப் போட்ட தகரக் கொட்டகையில் நின்றது ஒரு மாஸி ஃபெர்குசன் 1035. மூன்று சிலிண்டர், 35 குதிரைத்திறன். எழுபதுகளின் கடைசியில் அவருடைய அப்பா நிலவள வங்கியில் கடன் போட்டு வாங்கியது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியபோது பழைய கொட்டகை அப்படியே வண்டிமேல் உட்கார்ந்தது, அதன்மேல் இரண்டு தென்னை. பானட் நெளிந்து, ஸ்டீயரிங் வளைந்து, சைலன்சர் முறிந்துவிட்டது. விழுந்த மரங்களை அறுத்து அகற்றவே அந்த வட்டாரத்தில் மாதக்கணக்கானது. வண்டியை யார் பார்ப்பது? முறிந்த சைலன்சர் வழியாக மழைத் தண்ணீர் இன்ஜினுக்குள் இறங்கியது. காயலான்கடைக்காரர் மூன்று தடவை வந்து விலை பேசிவிட்டுப் போனார்.

"எடைக்குப் போடவா எங்கப்பா நிலத்தை அடமானம் வச்சு வாங்கினாரு?"

அவர் கேட்ட அந்தக் கேள்விக்குப் பின்னால் டெல்டாவின் அறுபது வருடக் கதை இருக்கிறது.

1960-61இல் மத்திய அரசு தீவிர விவசாய மாவட்டத் திட்டத்தைத் தொடங்கியபோது, முதலில் தேர்ந்தெடுத்த ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. ஊர்ப் பெரியவர்கள் இன்னும் 'பேக்கேஜ் திட்டம்' என்றே சொல்கிறார்கள். உரம், விதை, கடன் எல்லாம் ஒரே கையாக வந்தது. அறுபதுகளின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஆடுதுறை 27 வந்தது. 105 நாளில் கதிர் முற்றிவிடும் ரகம். மேட்டூர் அணை ஜூன் 12 திறந்தால் குறுவை, அதை அறுத்த கையோடு தாளடி என்று ஒரே வயலில் இரண்டு போகம் எடுப்பது பரவலானது. ஆனால் குறுவை அறுப்புக்கும் தாளடி நடவுக்கும் நடுவில் கிடைப்பது கொஞ்ச நாள்தான். வடகிழக்குப் பருவமழை வேறு வாசலில் வந்து நிற்கும். அதற்குள் தாளை மடக்கி உழுது, தொளி கலக்கி, பரம்படித்தாக வேண்டும். இரண்டு வேலி நிலம், அதாவது நாற்பது மா வைத்திருந்தவர் எத்தனை ஜோடி மாடு கட்டினாலும் நாள் பற்றவில்லை. டிராக்டர் இங்கே வந்தது அந்த அவசரத்துக்குத்தான்.

எந்த டிராக்டர் என்பதும் முக்கியம். டெல்டாவின் களிமண் தண்ணீர் பட்டதும் குழைந்து, கனமான வண்டியை அச்சு வரைக்கும் விழுங்கிவிடும். 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம் செம்பியத்தில் செய்த மாஸிகள் எடை குறைந்தவை. அந்தக் குறைந்த எடைக்குக் காரணம் ஹாரி ஃபெர்குசன் என்ற அயர்லாந்துக்காரர். அவருக்கு முன்னால் கலப்பையை வண்டிக்குப் பின்னால் சங்கிலி கட்டி இழுத்தார்கள். கலப்பை ஒரு வேரில் மாட்டினால் முன்சக்கரம் மேலெழும்பி, வண்டி ஓட்டுகிறவர் மேலேயே மல்லாந்துவிடும். ஃபெர்குசன் கலப்பையை வண்டியோடு மூன்று இடத்தில் கோத்து ஹைட்ராலிக்கில் தூக்கி இறக்கினார். கலப்பை மண்ணில் இழுபட இழுபட வண்டியின் சக்கரங்கள் தரையில் அழுந்தின. அதனால் சிறிய வண்டியே பெரிய வண்டியின் வேலையைச் செய்தது. எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரி 4 அன்று தென் துருவத்தைத் தொட்டது இந்த ஃபெர்குசன்களில்தான். அவர் பனியில் புதையாமலிருக்கச் சக்கரத்தில் பட்டைச் சங்கிலி மாட்டினார். நம் ஆட்கள் சேற்றில் புதையாமலிருக்கக் கேஜ்வீல் மாட்டினார்கள்.

வண்டியை எழுப்பும் வேலையை நான் ஐந்து தடவை போய்ப் பார்த்தேன். இன்ஜின் இறுகிக் கிடந்தது. மெக்கானிக் இன்ஜெக்டர்களைக் கழற்றி, மூன்று துளையிலும் டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றினார். "ஊறட்டும், அவசரப்பட்டா ரிங் ஒடிஞ்சிரும்" என்று சொல்லிவிட்டுப் போனவர் தினமும் காலையில் வந்து முன்புல்லியில் நீளமான ஸ்பேனரைப் போட்டு அழுத்திப் பார்ப்பார். அசையாது. மறுபடி ஊற்றுவார். ஒன்பதாம் நாள் ஒரு விரற்கடை நகர்ந்தது. வீட்டுப் பெண்கள் உட்பட எல்லோரும் ஓடிவந்து பார்த்தார்கள். அப்புறம் ஹெட்டைத் தூக்கி, துருப்பிடித்த லைனரை உருவி, புது லைனர், பிஸ்டன், ரிங் போட்டார். டீசல் பம்பு தஞ்சாவூருக்குப் போய்ச் சரியாகி வந்தது. பின் அச்சில் மூன்றாவது தடவையாக ஆயில் சீல் மாற்றினார்கள். சேறு முதலில் தின்பது அந்த சீலைத்தான். பல வருடம் தொளி அடித்த எந்த வண்டியைத் திறந்தாலும் அங்கே கொஞ்சம் நம் மண் இருக்கும்.

இவ்வளவுக்கும் மெக்கானிக்கிடம் இருந்தது ஒரு பெட்டி ஸ்பேனரும் ஒரு புல்லரும்தான். பழைய வண்டியை ஜனங்கள் விடாமல் பிடித்திருப்பதற்கு இதுதான் முதல் காரணம் என்று எனக்கு உறுதியாகப் படுகிறது. அதைத் திறந்து பார்க்க முடியும். எது எதை அசைக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். புது வண்டி நின்றுபோனால் கம்பெனி ஆள் வரும்வரை வரப்பில் காத்திருக்க வேண்டும். இந்த வண்டி நின்றால், சத்தத்தை வைத்தே என்ன என்று சொல்ல ஊரில் நாலு பேர் இருக்கிறார்கள். கையால் அறிந்த ஒன்றை எடைக்குப் போட யாருக்கும் மனசு வராது.

அமெரிக்காவிலும் இதே கதைதான், வண்டிதான் இன்னும் சிறியது. பெஞ்சமின் கிரேவ்லி என்ற புகைப்படக்காரர் 1916இல் தோட்ட உழவுக்கு ஒரு கையுழவு இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். பிறகு 1946இல் வீல் ஹார்ஸ், 1961இல் கப் கேடட் என்று வீட்டுத் தோட்டத்துக்கான குட்டி டிராக்டர்கள் வந்தன. தாத்தா புல் வெட்டிய அந்த வண்டிகளைப் பேரன்கள் தேடிப்பிடித்து, போல்ட் போல்ட்டாகக் கழற்றிப் பூட்டுகிறார்கள். நம் பக்கத்தில் அதற்குச் சமமானது பவர் டில்லர். ஜப்பானின் மிட்சுபிஷியோடு கூட்டுச் சேர்ந்து 1967இல் பெங்களூரில் தொடங்கிய வி.எஸ்.டி. கம்பெனியின் டில்லர்கள் இன்றும் டெல்டாவில் ஓடுகின்றன. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் எந்தக் கம்பெனியின் இரண்டு சக்கர உழவு இயந்திரமானாலும் 'லான்ட்மாஸ்டர்' என்கிறார்கள். அது முதலில் வந்த ஆங்கிலேய வண்டியின் பெயர். வண்டி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

அமெரிக்காவில் புதுப்பித்த வண்டி கண்காட்சிக்குப் போகிறது. இங்கே அது மறுபடி வயலுக்குப் போகிறது. அதனாலேயே இதை யாரும் பாரம்பரியம் என்று எண்ணுவதில்லை. 2021இல் மத்திய போக்குவரத்து அமைச்சகம் ஐம்பது வயது தாண்டிய பழைய வாகனங்களுக்கென்று விதி வகுத்தது. இருசக்கர வண்டிகளுக்கும் கார்களுக்கும் 'விஏ' என்ற எழுத்தோடு தனிப் பதிவெண் உண்டு. டிராக்டருக்கு அதில் இடமில்லை. மகாராஜா ஏறிய கார் காக்கப்பட வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஊருக்கு இரண்டாம் போகம் தந்த வண்டிக்கும் ஒரு எண் கொடுத்திருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியாது. டிராக்டர் வந்தபோது எல்லோரும் மகிழவில்லை. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த மண் இது. கூலிக்கும் உரிமைக்கும் அவ்வளவு போராட்டம் நடந்த இடத்தில், ஒரு வண்டி வந்தால் எத்தனை பேருக்கு உழவு வேலை போகும் என்ற கணக்கு குடியானத் தெருவில் ஒன்றாகவும் சேரியில் வேறாகவும் இருந்தது. ஆனால் வண்டியை ஓட்டக் கற்றுக்கொண்டவர்களில் பலர் ஏர் பிடித்தவர்களின் பிள்ளைகள்தான். இந்த வீட்டு வண்டியை இருபத்தெட்டு வருடம் ஓட்டியவரும் அப்படித்தான். அவருடைய அப்பா இதே வயலில் பண்ணையாள். வண்டி ஓட்டியவருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. ஒருகாலத்தில் 'சின்னய்யா' என்று கூப்பிட்ட வீட்டுக்காரரை இப்போது 'தம்பி' என்கிறார்.

பழைய பெயிண்டைச் சுரண்டியபோது பானட்டின் பக்கவாட்டில் 'மாரியம்மன் துணை' என்று மஞ்சள் எழுத்து தெரிந்தது. அதற்கு அடியில், சிறியதாக, ஆணியால் கீறிய இரண்டு எழுத்து. வீட்டுக்காரருக்கு அது யார் எழுத்தென்று தெரியவில்லை. வண்டி ஓட்டிய பெரியவர் கொஞ்சம் கூச்சத்தோடு, "எம் பேருதான் தம்பி. வண்டி வந்த வருசம், ஆயுத பூசையன்னிக்கிக் கீறுனது" என்றார். பானட் முழுக்கச் சிவப்பு அடித்தார்கள், அந்த ஒரு சாண் இடத்தை மட்டும் விட்டுவிட்டார்கள்.

ஸ்டார்ட் செய்த அன்று மெக்கானிக் பைப் நட்டைத் தளர்த்தி ஏர் எடுத்தார். முதலில் நுரையும் குமிழியுமாக வந்த டீசல் கடைசியில் தெளிந்து வழிந்தது. நட்டை இறுக்கிவிட்டுச் சாவியைத் திருகச் சொன்னார். இரண்டு தடவை இருமியது. மூன்றாவது தடவை கரும்புகையைக் கக்கிவிட்டு ஓட ஆரம்பித்தது. வீட்டுக்காரர் ஒரு நிமிடம் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு இறங்கி, "அண்ணே, நீங்க ஏறுங்க" என்றார்.

பெரியவர் உடனே ஏறவில்லை. பின்சக்கரத்தைக் கையால் தட்டிப் பார்த்தார். தலையைச் சாய்த்து இன்ஜின் சத்தத்தைக் கேட்டார்.

"மூணாவது சிலிண்டர் இன்னும் லேசா தட்டுது, பாத்துக்கலாம். கேஜ்வீல் எங்க தம்பி கிடக்கு?"

(தொடரும்)