துணையின்றி ஒரு நாள் தஞ்சைக்கு

முன்னுரை

உல்லாசப் பயணம் என்றவுடன் நம்மில் பலருக்கும் நினைவில் தோன்றுவது ஒரு வேன். அதில் பாட்டி முதல் கைக்குழந்தை வரை பதினெட்டுப் பேர். இருக்கைக்கு அடியில் புளிச்சோற்றுத் தூக்கு. ஜன்னலோரத்திற்காக ஒரு சண்டை. அத்தகைய பயணம் இனிமையானதே. ஆனால் பணம், விடுமுறை, ஆட்கள் ஆகிய மூன்றும் ஒரே நாளில் ஒத்துவர வேண்டும். அவை ஒத்துவராத காரணத்தால் அருகிலுள்ள ஊரைக்கூடப் பாராமல் வாழ்நாளைக் கழிப்பவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள்.

எங்கள் அத்தை அவர்களுள் ஒருவர். வயது ஐம்பத்திரண்டு. திருச்சியில் எங்கள் வீட்டிலேயே இருந்து, தையல் தைத்துச் சம்பாதிப்பவர். தஞ்சைப் பெரிய கோயிலை நாட்காட்டிப் படத்தில் மட்டுமே பார்த்தவர். இரயில் பாதையில் தஞ்சாவூர் சுமார் 50 கிலோமீட்டர்தான். "யாராவது துணைக்கு வந்தால் போகலாம்" என்று அவர் சொல்லிச் சொல்லியே முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன.

இதே 'துணை' என்ற சொல் எங்கள் அக்காவின் வழியிலும் நின்றது. அவள் விரும்பும் பாடப்பிரிவு தஞ்சையில் ஒரு கல்லூரியில் இருக்கிறது. "தினமும் இவளுக்குத் துணையாக யார் போய் வருவது?" என்று அப்பா கேட்ட ஒரே கேள்வியில் அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.

பதினைந்து வயதான நாங்கள் தனியே பயணம் செய்யவில்லை. செய்ய அனுமதி கேட்கவும் இல்லை. ஆனால் அத்தைக்காக ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தில் பயணத் திட்டம் எழுதிக் கொடுத்தோம். அதை எழுதும்போது நாங்கள் கற்றுக்கொண்டவற்றை இங்கு விளக்க விரும்புகிறோம்.

வண்டியும் கட்டணமும்

குறைந்த செலவுக்கு முதல் வழி இரயில்தான். சிறிது தூரப் பயணத்திற்கு முன்பதிவு தேவையில்லை. சாதாரணப் பயணிகள் வண்டியின் குறைந்தபட்சக் கட்டணம் கொரோனாக் காலத்தில் 30 ரூபாயாக உயர்ந்து, 2024ஆம் ஆண்டில் மீண்டும் 10 ரூபாய்க்கு வந்தது. திருச்சியிலிருந்து தஞ்சைக்கு ஆகும் கட்டணம் ஒரு வேளைச் சாப்பாட்டின் விலையைவிடக் குறைவு. பொன்மலை, திருவெறும்பூர், பூதலூர் என்று ஒவ்வொரு நிலையமாக வண்டி நின்று செல்வதால், வழிநெடுகக் காவிரிப் பாசன வயல்களை நிதானமாகப் பார்க்கலாம்.

முன்பதிவில்லாத சீட்டில் ஒரு விதி உண்டு. 200 கிலோமீட்டருக்கு உட்பட்ட பயணமானால், சீட்டு வாங்கிய மூன்று மணி நேரத்திற்குள், அல்லது அந்த ஊருக்குச் செல்லும் அடுத்த வண்டியில் புறப்பட்டுவிட வேண்டும். ஆகவே காலையிலேயே மாலைக்கும் சேர்த்துச் சீட்டு வாங்கிவிடலாம் என்று எண்ணக்கூடாது.

ஊருக்குள் செல்ல நகரப் பேருந்து. தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் அளிக்கப்பட்டது. காசு கொடுக்க வேண்டியதில்லை என்றாலும், நடத்துநரிடம் சீட்டைக் கேட்டு வாங்கி, இறங்கும்வரை வைத்திருக்க வேண்டும்.

எவற்றைப் பார்ப்பது?

ஒரு நாளில் ஒன்பது இடங்கள் பார்க்க நினைப்பவர் ஒன்றையும் பாரார். அத்தைக்கு நாங்கள் எழுதியவை இரண்டே இடங்கள்.

முதலாவது பெரிய கோயில். முதலாம் இராசராச சோழன் கட்டிய இக்கோயில் 1010ஆம் ஆண்டு முற்றுப்பெற்றது. விமானத்தின் உயரம் ஏறத்தாழ 216 அடி. 1987இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. உள்ளே செல்லக் கட்டணம் இல்லை. நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். வெயிலில் கல்தரையும் காலைச் சுடும். எனவே காலையிலேயே சென்றுவிட வேண்டும். இங்குள்ள கல்வெட்டுகளில் மன்னன் அளித்த கொடைகளோடு, அவன் தமக்கை குந்தவையார் அளித்தவையும் பொறிக்கப்பட்டுள்ளன.

இரண்டாவது அரண்மனை. நாயக்கர் காலத்தில் தொடங்கி மராட்டியர் காலத்தில் விரிந்த கட்டடம் இது. இங்குள்ள கலைக்கூடத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகளைக் காணலாம். பக்கத்திலேயே சரசுவதி மகால் நூலகம். 1798 முதல் 1832 வரை அரசாண்ட இரண்டாம் சரபோசி மன்னர் இதற்காகப் பல மொழி நூல்களைத் தேடிச் சேர்த்தார்.

பாதுகாப்பு

தனியே செல்லும் பெண்ணுக்குத் துணிச்சலைவிடப் பழக்கமே பெரிய துணை. நாங்கள் எழுதிய குறிப்புகள் இவை:

1. இருட்டுவதற்குள் வீடு திரும்பும்படி, மாலை வண்டியை முதலில் முடிவு செய்க. அதற்கேற்பக் காலை வண்டியைத் தேர்ந்தெடுக்க. அந்த வண்டி தவறினால் அடுத்து எது என்பதையும் எழுதிக்கொள்க.

2. பணத்தை இரண்டாகப் பிரித்து வைக்க. வழிச்செலவு கைப்பையில் இருக்கட்டும். திரும்பி வரும் பணம் தனியே இருக்கட்டும்.

3. வழி கேட்கும்போது, "இந்த வண்டி தஞ்சாவூர்தானே போகும்?" என்று கேட்காதீர். நல்லெண்ணத்தாலோ அவசரத்தாலோ பலர் "ஆமாம்" என்றுவிடுவர். "இந்த வண்டி எந்த ஊருக்குப் போகிறது?" என்று கேட்டால், தெரிந்தவர் மட்டுமே பதில் சொல்வார்.

4. இரயிலில் உதவிக்கு 139, பெண்கள் உதவிக்கு 181, எந்த அவசரத்திற்கும் 112. இவ்வெண்களைக் கைப்பேசியில் மட்டுமின்றிக் காகிதத்திலும் எழுதி வைக்க. கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்தாலும் காகிதம் பேசும்.

5. சொன்ன நேரத்திற்கு ஒரு முறை வீட்டிற்குத் தகவல் சொல்க.

சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. 1989ஆம் ஆண்டு இரயில்வேச் சட்டத்தின்படி, ஆண் துணையின்றிச் செல்லும் பெண் சீட்டில்லாமல் இருந்தால்கூட, அவரை நினைத்த நிலையத்தில் இறக்கிவிட முடியாது. அவர் ஏறிய நிலையத்திலோ, சந்திப்பிலோ, கடைசி நிலையத்திலோ, மாவட்டத் தலைநகரிலோதான், அதுவும் பகலில்தான் இறக்கலாம். சீட்டின்றிச் செல்ல இது அனுமதியன்று. தனியே செல்லும் பெண்ணை நடு வழியில் கைவிடலாகாது என்பதே இதன் கருத்து.

அத்தை சென்று வந்த கதை

ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் 400 ரூபாயும், தயிர்சோறும், நோட்டுப் புத்தகமுமாக அத்தை புறப்பட்டார். "பொம்பளை தனியாவா?" என்று பாட்டி மூன்று முறை கேட்டார். அப்பா ஒன்றும் சொல்லாமல் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

பகல் முழுவதும் எல்லாம் நன்றாகவே நடந்தது. மாலையில்தான் தவறு நேர்ந்தது. இரயில் நிலையத்திற்குத் திரும்பும்போது, பலகையைப் படிக்காமல், கூட்டத்தோடு கூட்டமாக ஒரு நகரப் பேருந்தில் ஏறிவிட்டார். அது எதிர்த்திசையில் சென்றது. இரண்டாவது நிறுத்தத்தில் இறங்கி, பூ விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் வழி கேட்டு நிலையத்தை அடைந்தபோது வண்டி போய்விட்டது.

அத்தை அழவில்லை. ஒரு தேநீர் குடித்துவிட்டு, நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். 'வண்டி தவறினால்' என்ற பக்கத்தில் புதிய பேருந்து நிலையத்திலிருந்து திருச்சிக்கு அடிக்கடி பேருந்து உண்டு என்று எழுதியிருந்தோம். உடனே வீட்டிற்குத் தொலைபேசியில் சொன்னார். "தம்பி, ரயிலை விட்டுட்டேன். பஸ்ஸுல வரேன். ஏழரை ஆகும். கவலைப்படாதே."

அப்பா ஆறு மணி முதல் வாசலில் நின்றார். அன்று எங்களுக்கும் படிப்பு ஓடவில்லை. எழுதிக் கொடுத்தவர்கள் நாங்கள்தானே! ஏழரைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தெருமுனையில் அத்தை தெரிந்தார். கையில் ஏறக்குறையப் பாதிப் பணம் மீதி. கோயிலைப் பற்றி முதலில் ஒன்றும் சொல்லவில்லை. "தப்பு பஸ்ஸுல ஏறி, நானே இறங்கி, நானே வந்தேன்" என்பதைத்தான் இரண்டு முறை சொன்னார். பிறகு அக்காவை அழைத்து, "அந்தக் கல்லுல ராஜாவோட அக்கா பேரும் இருக்காமேடி. எனக்குப் படிக்கத்தான் தெரியலை. நீ படிச்சுட்டு வந்து சொல்லு" என்றார்.

முடிவுரை

தனியே பயணம் செய்வது வீரச் செயலன்று. சமையலைப் போல, தையலைப் போலக் கற்றுக்கொள்ளக்கூடிய ஒரு வேலை. கால அட்டவணையைப் படிக்கவும், சீட்டு வாங்கவும், முறையாக வழி கேட்கவும், தவறினால் திருத்திக்கொள்ளவும் பள்ளிப் பருவத்திலேயே பழகலாம். பெற்றோருடன் செல்லும்போதே, சீட்டு வாங்கும் பொறுப்பை நாம் கேட்டு வாங்கிக்கொள்வோம். பெற்றோர்களும் அதை நம்பி எங்கள் கையில் தருமாறு வேண்டுகிறோம்.

அக்காவின் கல்லூரிக்கு அப்பா இன்னும் 'சரி' என்று சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலை காப்பி குடிக்கும்போது, அந்த நோட்டுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "தஞ்சாவூருக்குக் காலையில் முதல் வண்டி எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். நாங்கள் பக்கத்தை எடுத்துக் கொடுத்தோம்.